தீனித்தட்டு யாருக்காக?

கொல்லைப்புறத்தில் தீனித்தட்டு வைப்பவர்களில் பெரும்பாலோர், என்னையும் சேர்த்துத்தான், பறவைகளுக்கு உபகாரம் செய்வதாக எண்ணியே தொடங்குகிறோம். தானியம் தீர்ந்துபோன நாளில் மனம் உறுத்துகிறது. வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சாவியோடு தானியப் பையையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். ஆனால் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருப்பவற்றைப் படிக்கப் படிக்க, அந்தத் தட்டு பறவைகளுக்குத் தேவைப்படுவதைவிட நமக்கே அதிகம் தேவைப்படுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் சன்னலோரம் நின்று, பெயர் தெரிந்த பறவை ஒன்று வந்து அமர்வதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. அது நம் மகிழ்ச்சிக்காக நாமே கூட்டிய கூட்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தக் கூட்டத்தில் பரவும் நோய்க்கும் அங்கே காத்திருக்கும் ஆபத்துக்கும் நாமே பொறுப்பு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

பறவைகள் நம்மை நம்பியா பிழைக்கின்றன என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980களில் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள சிக்கடீ என்னும் சிறு பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். தீனித்தட்டு இருந்த காட்டுப் பகுதிகளில் 69 விழுக்காட்டுப் பறவைகள் குளிர்காலத்தைத் தாண்டின. தட்டு இல்லாத பகுதிகளில் தாண்டியவை 37 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு பெரிய வேறுபாடு ஏற்பட்டதற்குக் காரணம் உறைபனி கடுமையாக இருந்த நாட்கள்தான். குளிர் அளவாக இருந்த மாதங்களில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தட்டுக்கு வந்துபோன சிக்கடீக்கள்கூடத் தம் அன்றாடத் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே அங்கிருந்து எடுத்துக்கொண்டன, மிச்சத்தை மரப்பட்டையிலும் கிளையிலும் தாமே தேடிக்கொண்டன என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்னர், பல ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்டுவந்த ஓரிடத்தில் தட்டுகளை அகற்றிப் பார்த்தபோது, அங்கிருந்த பறவைகள் தட்டையே அறியாத பறவைகளைப் போலவே பிழைத்துக்கொண்டன. ஆகவே, நாம் ஒரு வாரம் இல்லாவிட்டால் அவை பட்டினி கிடக்கும் என்ற கவலையை விட்டுவிடலாம். உறைபனிக் காலத்தில், அதுவும் பலமான பனிப்பொழிவுக்கு நடுவில், திடீரென நிறுத்துவது மட்டும் நல்லதல்ல. அந்த நாட்களில் சிறு பறவைகள் ஓரிரவிலேயே தம் எடையில் பத்தில் ஒரு பங்குவரை இழந்துவிடக்கூடும்.

என்ன தீனி வைப்பது என்பதில் நான் கண்டிப்பானவன். கறுப்புத் தோல் சூரியகாந்தி விதை போதும் என்பதே என் கட்சி. அதன் தோல் மெல்லியது, சிறிய அலகாலும் உடைக்க முடியும், உள்ளே எண்ணெய்ச் சத்து மிகுதி. சிட்டுக்குருவியும் புறாவும் தரையில் பொறுக்கித் தின்பவை என்பதால், அவற்றுக்குச் சிறுதானியத்தைத் தாழ்வான அகலத் தட்டில் இடலாம். விலை மலிவாகக் கிடைக்கும் கலவைத் தீனிப் பைகளில் பறவைகள் விரும்பாத பெரிய தானியங்களே பாதிக்கு மேல் இருக்கும். அவற்றைப் பறவைகள் அலகால் ஒதுக்கித் தள்ள, தள்ளியவை கீழே விழுந்து ஈரத்தில் முளைத்தும் அழுகியும் எலியை அழைக்கும். சூரியகாந்தித் தோல் குவியும் இடத்தில் மற்றச் செடிகள் சரியாக வளர்வதில்லை என்பதையும் தோட்டம் வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது. அந்தத் தோலில் உள்ள வேதிப்பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன.

நிலக்கடலையைப் பறவைகள் விரும்பி உண்ணும். ஆனால் ஈரம் பட்ட கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது, அது பறவையின் ஈரலைக் கெடுக்கிறது. மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்கிய கடலையைப் பறவைக்கு இடலாம் என்ற எண்ணம் இந்த ஒரு விஷயத்தில் முற்றிலும் தவறு. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் முழுக் கடலையை அப்படியே வைத்தால் தாய்ப்பறவை அதைக் குஞ்சின் வாயில் ஊட்ட, அது தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். கம்பிவலைக் கூட்டுக்குள் வைத்தால் பெரிய பறவைகள் அதைக் கொத்திக் கொத்தித் துணுக்காகத்தான் எடுக்க முடியும். உப்பிட்ட பண்டம், பால், ஊசிப்போன ரொட்டி ஆகிய மூன்றும் தட்டுப் பக்கமே வரக் கூடாது. ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர, சத்து என்று சொல்லிக்கொள்ளும்படி அதில் ஒன்றுமில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. ஹம்மிங்பேர்டுகள் வரும் நாடுகளில் சர்க்கரைநீர் வைப்பவர்கள் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற கணக்கைக் கைக்கொள்கிறார்கள். அதில் தேனும் வேண்டாம், செந்நிறச் சாயமும் வேண்டாம்.

அணிலைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினைப் பாலூட்டிகளின் நரம்பு உணர்வதைப் போலப் பறவைகளின் நரம்பு உணர்வதில்லை. எனவே மிளகாய் கலந்த விதையைப் பறவை நிம்மதியாக உண்ணும், அணில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். மிளகாய்ச் செடிக்கு இதனால் இயற்கையில் பெரும் ஆதாயம்: விதையை அரைத்துக் கெடுக்கும் பற்கள் விலகிப்போகின்றன, விழுங்கித் தூரமாகக் கொண்டுபோய்ப் போடும் வயிறு கிடைக்கிறது. எனினும் காற்றில் பறக்கும் மிளகாய்த்தூள் நிரப்புகிறவரின் கண்ணை விட்டுவைக்காது. நான் அணிலோடு சமாதானமாகப் போய்விட்டேன்.

தட்டை எங்கே வைப்பது என்பது, அதில் என்ன வைப்பது என்பதைவிட முக்கியமானது. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களின் கண்ணாடியில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் பெரும் பங்கு வானளாவிய கட்டடங்களில் அல்ல, ஒன்றிரண்டு மாடி வீடுகளிலும் தாழ்ந்த கட்டடங்களிலும் நிகழ்கிறது. கண்ணாடியில் தெரியும் வானமும் மரமும் பறவைக்கு உண்மையான வானமும் மரமும்தான். தட்டிலிருந்து திடுக்கிட்டு எழும் பறவை அந்தப் பக்கமே பாய்கிறது. தட்டு சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், எழுந்த பறவை வேகம் கொள்வதற்கு முன்பே கண்ணாடியைத் தொட்டுவிடுவதால் பெரும்பாலும் உயிர் தப்புகிறது. மிகவும் ஆபத்தானது சில மீட்டர் இடைவெளிதான். ஆகவே நன்கு ஒட்டி வைக்க வேண்டும், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். எதுவானாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட்டுவிடுவது நல்லது. ஒரே ஒரு பருந்து உருவத்தை வெட்டி ஒட்டுவதால் பயன் இல்லை. பறவை அந்த உருவத்தைத் தவிர்த்து, பக்கத்தில் தெரியும் வெற்றுக் கண்ணாடியில் மோதும்.

பூனை இரண்டாவது எமன். வீட்டுப் பூனைகளும் தெருப் பூனைகளும் சேர்ந்து அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் கணக்கிட்டார்கள். பறவைக்குத் தீனி வைத்துக்கொண்டே பூனையை வெளியில் உலவ விடுகிற வீட்டில் தட்டு என்பது தூண்டில்தான். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று நான் கூசாமல் சொல்வேன். பூனை இல்லாத வீடாகவே இருந்தாலும், தட்டைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் வெட்டவெளியும் அதற்கு அப்பால் அடர்ந்த புதரும் இருக்கும்படி அமைத்தால், பதுங்கி வருவதைப் பறவை முன்கூட்டியே பார்க்கவும், ஆபத்து என்றால் புதருக்குள் புகவும் வழி இருக்கும்.

இனி நோய். தட்டு வைப்பவர்கள் கேட்க விரும்பாத பகுதி இது என்பதாலேயே சற்று விரிவாகச் சொல்கிறேன். இயற்கையில் விதை உண்ணும் பறவைகள் பரந்த நிலத்தில் சிதறி மேய்கின்றன. நாம் வைக்கும் தட்டிலோ ஒரே சாண் இடத்தில் பல இனப் பறவைகள் நாள் முழுக்க மாறி மாறி அமர்ந்து, அங்கேயே எச்சமிட்டு, அங்கேயே அலகைத் துடைத்து, ஒன்று கக்கியதை இன்னொன்று கொத்துகின்றன. 1993-94 குளிர்காலத்தில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய பகுதிகளில், ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் சிவந்த மார்புக் குருவிகள் கண் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டு, குருடாகித் தட்டருகே தடுமாறுவதை மக்கள் பார்த்தார்கள். அதுவரை கோழிகளைத் தாக்கிவந்த மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும் பரவிவிட்டது. விதை எடுப்பதற்காகக் குழாய்த் தீனிக்கூட்டின் துளைக்குள் தலையை நுழைக்கும்போது கண்ணோரம் விளிம்பில் உரசுகிறது, அந்த விளிம்பே அடுத்த பறவைக்குக் கிருமியைக் கொடுக்கிறது என்பதைப் பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. தட்டில் அதிக நேரம் செலவிடும் பறவையே நோயை அதிகம் வாங்குகிறது, அதிகம் பரப்பவும் செய்கிறது.

பிரிட்டனில் கதை இதைவிடக் கசப்பானது. அங்கே 2005இல் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளிடம் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி பெருமளவில் பரவத் தொடங்கியது. புறாக்களிடம் நெடுங்காலமாகவே இருந்துவந்த ஒட்டுண்ணி அது. தொண்டையில் புண் உண்டாக்குவதால் பறவையால் விழுங்க முடியாது. தட்டிலேயே உப்பலாக, அசையாமல் உட்கார்ந்திருக்கும், எடுத்த விதையை எச்சிலோடு கீழே போடும். தீனித்தட்டுகளுக்கு மிகுதியாக வரும் இனம் என்பதாலேயே கிரீன்ஃபிஞ்ச் அதிகம் அடிபட்டது. கொல்லைப்புறங்களில் சாதாரணமாகக் காணப்பட்டுவந்த அந்தப் பறவையை, 2021இல் அந்நாட்டின் மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. அன்போடு வைக்கப்பட்ட எண்ணற்ற தட்டுகளுக்கு இந்த வீழ்ச்சியில் பங்கு உண்டு என்பதைப் படித்த பிறகும் தட்டைக் கழுவாமல் நிரப்புகிறவரை என்னால் பறவை நேசர் என்று அழைக்க முடியவில்லை. அதே 2021இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் என்னும் குருவிகளிடையே சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா நோய் பரவியபோது, பல மாநிலங்களில் மனிதர்களும் அந்த நோய்க்கு ஆளானார்கள். தட்டுகளைச் சில வாரங்களுக்கு இறக்கிவிடும்படி அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள்.

கழுவும் முறை கடினமானதன்று, சலிப்பானது; அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் எச்சத்தையும் பழைய விதையையும் சுரண்டி எடுத்து, சோப்புநீரில் தேய்த்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கலவையில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுதும் உலரவிட வேண்டும். உலரவிடுவதுதான் பலர் தவிர்க்கும் படி. ஆனால் டிரைக்கோமோனாஸ் ஈரம் இல்லாமல் உயிர்வாழாது என்பதால் வெயிலில் காய்ந்த தட்டு பாதி மருத்துவம் செய்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது குறைந்த அளவு, மழைக்காலத்திலும் கூட்டம் மிகும்போதும் வாரம் ஒருமுறை. சமையலறைத் தொட்டியில் இதைக் கழுவக் கூடாது. கையுறை அணிந்து, முடித்த பின் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். மரத்தட்டின் விரிசலில் கிருமி பதுங்கிக்கொள்ளும் என்பதால், வழவழப்பான பீங்கானோ உலோகமோ நல்லது. என்னிடம் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்று காயும்போது மற்றொன்று தொங்கும். ஒரு நாளுக்குள் தீரும் அளவுக்கே விதை இடுவதும், இருட்டுவதற்கு முன் மிச்சத்தை எடுத்துவிடுவதும் எலிக்கும் பூஞ்சைக்கும் சேர்த்தே வழியடைக்கும்.

தீனியால் எல்லாப் பறவைக்கும் ஒரே மாதிரி நன்மை விளைவதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வீட்டுத் தோட்டங்களில் ஒன்றரை ஆண்டுக் காலம் ரொட்டியும் விதையும் வைத்துச் சோதித்தவர்களின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. வெளியிலிருந்து அந்நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகின. பூச்சி உண்ணும் மண்ணின் பறவையான கிரே வார்ப்ளர் அந்தத் தோட்டங்களில் குறைந்தது. சோதனை முடிந்து தீனி நின்றதும் மாற்றங்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின. நாம் விதை வைக்கும்போது விதை உண்பவற்றின் பக்கம் தராசைச் சாய்க்கிறோம் என்பதையே இது காட்டுகிறது. அதே இனத்துக்குள்ளும் விளைவு ஒரே சீராக இல்லை. வட அயர்லாந்தில் குளிர்காலம் முழுதும் கடலை கிடைத்த ப்ளூ டிட் பறவைகள் அடுத்த வசந்தத்தில் சற்று முன்னதாக முட்டையிட்டு, கூட்டுக்கு ஏறக்குறைய ஒரு குஞ்சை அதிகமாக வளர்த்தன என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெறும் கொழுப்பு வைக்கப்பட்ட அதே இனப் பறவைகளின் குஞ்சுகளோ எடை குறைந்து பிறந்து, குறைவாகவே பிழைத்தன என்று 2013இல் இன்னோர் ஆய்வு சொன்னது. தீனி உதவுவதால் சத்துக் குறைந்த பறவைகளும் குளிரைத் தாண்டி வந்து கூடுகட்டுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

மத்திய ஐரோப்பாவில் கூடுகட்டும் பிளாக்கேப் பறவைகள் முன்பெல்லாம் குளிர்காலத்தில் தெற்கே போவதே வழக்கம். 1960களிலிருந்து அவற்றில் ஒரு பகுதி வடமேற்காகத் திரும்பி, பிரிட்டனின் கொல்லைப்புறங்களில் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. மிதமாகிவரும் குளிரும் தீனித்தட்டுகளுமே அதற்குக் காரணம் என்கிறார்கள். வலசைப் பாதை என்னும் பெரிய விஷயத்தையே தட்டுகள் அசைத்துப் பார்க்கும் என்றால், நம் செயலைச் சிறியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

நம் தட்டால் வேறொரு நன்மை உண்டு, அதுவும் மனிதர் வழியாகத்தான் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1976இல் சிறிய அளவில் தொடங்கி, 1987 முதல் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்த 'புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' திட்டத்தில், தட்டு வைத்திருக்கும் சாதாரண மக்கள் குளிர்காலம் முழுவதும் தாங்கள் கண்ட பறவைகளை எண்ணி அனுப்புகிறார்கள். எந்தப் பறவை எதை விரட்டுகிறது என்று அவர்கள் குறித்தனுப்பியதை வைத்துப் பறவைகளின் அதிகார வரிசையையே வகுத்திருக்கிறார்கள். பொதுவாக எடை மிகுந்ததே வெல்கிறது. ஆனால் மரங்கொத்திகள் தம் எடைக்கு மீறிய செல்வாக்கோடு இருக்கின்றன. ஹவுஸ் ஃபிஞ்சின் கண்நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைப் பின்தொடர முடிந்ததும் இத்தகைய தன்னார்வலர்களால்தான். உலகின் பல நாடுகளில் இன்று பறவைக் கணக்கை இணையத்தில் பதிய முடிகிறது. நாள்தோறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், தட்டின் பயன் இரட்டிப்பாகும்.

தட்டைவிட நான் அதிகம் நம்புவது தண்ணீரையும் செடியையும். அகலமான, ஆழம் குறைந்த சட்டியில், விளிம்பில் இரண்டு சென்டிமீட்டரும் நடுவில் ஐந்து சென்டிமீட்டரும் நீர் நிற்கும்படி வைத்து, கால் வழுக்காமல் இருக்க ஒரு கல்லை இட்டுவிட்டால், விதையைத் திரும்பியும் பார்க்காத பூச்சியுண்ணும் பறவைகள்கூடக் குடிக்கவும் குளிக்கவும் வரும். நீரை அன்றன்று மாற்றினால் கொசுவுக்கும் இடமில்லை. செடி விஷயத்தில் ஒரு கணக்கு என்னை மலைக்க வைத்தது: விதைக்காகத் தட்டுக்கு வரும் சிக்கடீ இணையொன்று, ஒரே ஈற்றுக் குஞ்சுகளைக் கூட்டைவிட்டுப் பறக்கும்வரை வளர்க்க 6,000 முதல் 9,000 வரை புழுக்களைப் பிடித்துவர வேண்டியிருக்கிறது. வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதமும் ஈரமும் காய்ந்த விதையில் இல்லை. அந்தப் புழுக்கள் அந்தந்த மண்ணுக்குரிய மரங்களின் இலையைத் தின்று வளர்பவை. அழகுக்காக வேற்று நிலத்திலிருந்து கொண்டுவந்த பல செடிகளை அவை தொடுவதே இல்லை. ஓட்டை விழுந்த இலையைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் தேடும் கை, தட்டில் எவ்வளவு விதை இட்டாலும் குஞ்சுகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாட்டு மரம் ஒன்று, பழம் தரும் புதர் ஒன்று, உதிர்ந்த சருகைப் பெருக்காமல் விட்ட ஒரு மூலை ஆகியவற்றை வைத்துவிட்ட கொல்லையில் தட்டே இல்லாவிட்டாலும் பறவை வரும்.

தட்டில் கூட்டம் பெருகினால் வல்லூறும் வரும். அதை விரட்டுகிறவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்பவில்லை. அதுவும் பறவைதான், அதற்கும் பசி உண்டு. அது தினமும் வந்து குறிவைத்தால், தட்டை ஒரு வாரம் இறக்கிவைத்துவிடலாம், சிறு பறவைகள் வேறு பக்கம் சிதறிப்போகும். உப்பலாக உட்கார்ந்து, பக்கத்தில் போனாலும் பறக்காத பறவை, வீங்கிய கண், ஈரம் படிந்த அலகு, தட்டின் கீழே காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் உடல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் இதே வழிதான், இன்னும் கண்டிப்பாக. தட்டையும் நீர்ச்சட்டியையும் அன்றைக்கே எடுத்துக் கழுவிக் காயவைத்து, கீழே சிந்தியவற்றைக் கூட்டியெடுத்து, குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம், எதையும் தொங்கவிடாமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் வழக்கமான பறவைகள் வந்து வெற்றுக் கொக்கியின்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். பார்க்கிறவருக்குத்தான் அது பொறுக்காது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.